வலியை மறைப்பது வீரமா?

கிளமெண்டி விளையாட்டு மண்டபத்தில் மாலை வேளையில் பூப்பந்து ஆடும் மாணவர்களைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். கணுக்கால் பிசகியவர் நொண்டுவார். உடனே நண்பர்கள் ஓடி வருவார்கள். மணிக்கட்டு வலிப்பவரோ கையை இரண்டு முறை உதறிவிட்டு அடுத்த ஆட்டத்திற்குத் தயாராகிவிடுவார். கால்வலியை மறைக்க முடியாது, கைவலியை மறைக்கலாம். அதனால்தான் கைக்காயங்கள் முற்றும்வரை வெளியே தெரிவதில்லை.

மாணவர்கள் ஏன் மறைக்கிறார்கள்? பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகள் நெருங்கும் நேரத்தில் வலியைச் சொன்னால், குழுவில் இடம் போய்விடுமோ என்று அஞ்சுகிறார்கள். பல மாதங்கள் பாடுபட்டுப் பெற்ற இடம் அல்லவா? அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே, "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. காயத்தைத் தெரிவித்து ஓய்வெடுக்கும் மாணவரின் பெயரைக் குழுப் பட்டியலிலிருந்து நீக்கக்கூடாது என்று ஒவ்வொரு பள்ளியும் விதி வகுக்க வேண்டும் என்பது என் கருத்து. அவருக்குப் பதிலாக ஆடுபவருக்கு இது அநீதி ஆகாதா என்று சிலர் கேட்கலாம். களத்தில் இறங்குபவர் யார் என்பதைப் பயிற்றுவிப்பாளரே முடிவு செய்யட்டும். பட்டியலில் பெயர் இருந்தாலே மாணவரின் அச்சம் பாதி குறைந்துவிடும்.

மறைப்பதால் வரும் கேடு சிறியதன்று. கீழே விழும்போது நாம் இயல்பாகவே உள்ளங்கையை ஊன்றுகிறோம். அப்போது கட்டைவிரலின் அடிப்பக்கத்தில், மணிக்கட்டில் உள்ள படகு வடிவச் சிறிய எலும்பு முறியக்கூடும். பெரிய வீக்கம் இருக்காது. முதல் எக்ஸ்ரே படத்தில்கூட முறிவு தெரியாமல் போகலாம். வெறும் சுளுக்கு என்று நினைத்து ஆடிக்கொண்டே இருந்தால், இரத்த ஓட்டம் குறைவான அந்த எலும்பு ஒன்றுசேராமலே போகக்கூடும்.

விரல் காயத்தை இன்னும் அலட்சியமாக எண்ணுகிறோம். வலைப்பந்து விரல்நுனியில் மோதினால், யாராவது ஒருவர் விரலைப் பிடித்து இழுத்துவிடுவார். வீட்டுக்குப் போனால் பாட்டி கோடாலித் தைலம் தடவி நீவிவிடுவார். பாட்டியின் அன்பில் குறையில்லை. ஆனால், விரல்நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருந்தால் தைலம் என்ன செய்யும்? அந்த விரலை அசையாமல் நேராக வைத்து, ஆறு வாரங்களுக்கு மேல் கட்டுப் போட வேண்டியிருக்கும். விரல்நுனி தொங்கினால் மருத்துவரிடம் செல்வதே சரி.

புகழ்பெற்றவர்களும் ஓய்வெடுத்திருக்கிறார்கள். சச்சின் டெண்டுல்கர் 2004-இல் 'டென்னிஸ் முழங்கை' வலியால் அவதிப்பட்டார். பெயரில் டென்னிஸ் இருந்தாலும், மட்டையையோ கருவியையோ இறுகப் பிடித்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் யாருக்கும் அது வரலாம். 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், பல மாதங்கள் ஆடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் தம் 35ஆவது டெஸ்ட் சதத்தை அடித்தார்.

பயிற்சிக்குப் பின் தசைகள் அலுப்பது இயல்பு. அதற்கெல்லாம் ஓய்வு கேட்டால் விளையாட்டே நடக்காது. ஆனால், விரல் வைத்து இந்த இடம்தான் என்று காட்டக்கூடிய வலியும் மறுநாளும் வடியாத வீக்கமும் வேறு.

அமெரிக்காவின் 'லிட்டில் லீக்' என்னும் சிறுவர் பேஸ்பால் அமைப்பு, 2007 முதல் பந்தெறிபவர்களுக்கு ஒரு வரம்பு வைத்துள்ளது. 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 முறைதான் எறியலாம். பின்னர் வேறொருவர் எறிய வேண்டும். அங்கே சிறுவன் தன் வலியைச் சொல்லத் தேவையே இல்லை. விதியே அவனை ஓய்வெடுக்க வைக்கிறது. நம் பள்ளிகளிலும் அப்படி ஒரு விதி இருந்தால், மணிக்கட்டில் கட்டுப் போட்ட மாணவர் தம் குழுவோடு ஓட்டப் பயிற்சி செய்யலாம், புள்ளிகளைக் குறிக்கலாம், கை குணமானதும் மட்டையை மீண்டும் எடுக்கலாம்.