மேல்மாடியில் சறுக்கு மரம். கீழே இறங்க வழி எங்கே?

ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு ஜவுளி எடுக்கப் போகும் குடும்பங்களைப் பாருங்கள். முன்பெல்லாம் "எந்தக் கடையில் சேலை நல்லாயிருக்கும்?" என்பதுதான் பேச்சு. இப்போது பஸ் பார்த்திபனூர் தாண்டுவதற்குள் குழந்தை ஆரம்பித்து விடுகிறது: "அப்பா, சறுக்கு இருக்கிற கடைக்குப் போவோம்ப்பா!" அப்பா என்ன செய்வார்? சறுக்கு இருக்கிற கடைக்கே போகிறார். சேலையும் அங்கேயே எடுத்தாகிறது.

இதுதான் இன்றைய வியாபார யுக்தி!

பெரிய மால்களில் பிள்ளைகள் விளையாடும் இடம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் மேல்மாடியில், அதுவும் கடைசி மூலையில். போகும்போது இருபது கடை, வரும்போது இருபது கடை பார்த்துத்தான் ஆக வேண்டும். பிள்ளை உள்ளே ஒரு மணி நேரம் குதிக்கும். தாய் அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பாளா? வளையல் பார்ப்பாள், துணி பார்ப்பாள், ஒரு காபி குடிப்பாள். சாக்ஸ் போடாமல் உள்ளே விட மாட்டார்களாம். அந்த சாக்ஸுக்குத் தனிக் காசு! சில இடங்களில் பணத்தைக் கட்டி கார்டு வாங்க வேண்டும். மிச்சம் கேட்டால், "அடுத்த தடவை வரும்போது கழிச்சுக்கலாம் சார்" என்று சிரிப்பார்கள். அடுத்த தடவையும் வந்தே தீர வேண்டும் என்பதற்குத்தானே கார்டு!

யோசனை புதிதல்ல. கனடாவில் 1981-ல் திறந்த வெஸ்ட் எட்மன்டன் மாலுக்குள் பிறகு ரயில் ராட்டினமே வந்தது. அமெரிக்காவில் 1992-ல் 'மால் ஆப் அமெரிக்கா' திறந்தபோது நட்ட நடுவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவையே வைத்து விட்டார்கள். மும்பை காட்கோபரில் 2013-ல் மாலுக்குள் பிள்ளைகளுக்கென்று ஒரு குட்டி நகரமே எழுந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நம்மூர்த் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில்தானே வளையல் கடைக்காரர் இடம் பிடிக்கிறார்!

சட்டையும் செருப்பும் செல்போனில் தட்டினால் வீட்டுக்கு வந்து விடுகிற காலம் இது. சறுக்கு மரம் பார்சலில் வராது. ஆகவே வியாபாரி பிள்ளையின் கையைப் பிடிக்கிறார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெற்றோரையும் குறை சொல்ல முடியாது. ராமநாதபுரம் வெயில் ஊர் அறிந்தது. கடல் இருக்கிறதே என்பார்கள். அக்னி தீர்த்தத்தில் யாத்திரிகர் கூட்டம். அரிச்சல்முனையில் அலை ஆளை இழுக்கும். அரியமான் கடற்கரை அழகுதான், சித்திரை மாதத்து மத்தியானத்தில் அங்கே கால் வைக்க முடியுமா? ஏ.சி. போட்ட இடத்தில் பிள்ளை இரண்டு மணி நேரம் விளையாடினால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. தீப்பிடித்தால் என்ன ஆகும்?

2024 மே 25. குஜராத் மாநிலம் ராஜ்கோட். கோடை விடுமுறை, சனிக்கிழமை, டிக்கெட் வெறும் 99 ரூபாய். தகரக் கொட்டகையாகப் போட்டிருந்த விளையாட்டுக் கூடத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் வெல்டிங் வேலை, ஒரு பக்கம் பிள்ளைகள். தீப்பொறி பறந்தது. குழந்தைகள் உட்பட 27 பேர் கருகிப் போனார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று அந்தக் கூடத்துக்கு இல்லை என்ற விவரம் அப்புறம்தான் வெளியே வந்தது. அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள், அதுவும் அப்புறம்தான்!

ரஷ்யாவில் கெமரோவோ நகரம், 2018 மார்ச் 25. நான்கு மாடி மால். மேல்மாடியில் பிள்ளைகள் விளையாடும் இடம், அதை ஒட்டி சினிமா. எச்சரிக்கை மணி வேலை செய்யவில்லை, கதவுகள் பூட்டிக் கிடந்தன. மாண்டவர் 60 பேர், அதில் 37 பேர் குழந்தைகள். 2012 மே மாதம் கத்தார் தலைநகர் தோஹாவில் ஒரு மாலில் தீ. அங்கே பிள்ளைகளை விட்டுப் போகும் காப்பகத்தில் 13 குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். கீழக்கரையிலும் மண்டபத்திலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகள் எத்தனை! அந்த வீட்டுக்காரர்களுக்கு இது எங்கேயோ நடந்த கதையல்ல.

விளையாட்டு இடத்தில் இருப்பதெல்லாம் என்ன? பஞ்சு மெத்தை, பிளாஸ்டிக் பந்து, நைலான் வலை, ரப்பர் விரிப்பு. பற்றினால் நிமிஷத்தில் விஷப்புகை. குழந்தை பயந்தால் வாசலுக்கு ஓடாது. குழாய்க்குள் போய் ஒளிந்து கொள்ளும். காலில் செருப்பும் கிடையாது. இதில் கொடுமை, வியாபாரத் திட்டமே தாயையும் பிள்ளையையும் பிரித்து வைப்பதுதான். தாய் முதல் மாடியில், பிள்ளை நாலாவது மாடியில். அபாயம் என்றால் கூட்டம் கீழே இறங்கும். தாய் மட்டும் அதை எதிர்த்து மேலே ஏறுவாள். அந்த மாடிப்படியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

தமிழ்நாட்டுக்குப் பாடம் புதிதல்ல. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் 94 பள்ளிக் குழந்தைகள் வெந்தார்கள். சென்னை தி.நகரில் 2017 மே 31-ல் ஏழு மாடி ஜவுளிக் கடை எரிந்து, கட்டிடத்தையே இடிக்க வேண்டி வந்தது. அது பிடித்தது அதிகாலையில். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிடித்திருந்தால்?

ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேசுவரம் நகராட்சிகள் ஒன்றை கவனிக்க வேண்டும். பிளான் வரும்போது 'கடை' என்றுதான் வரும். அனுமதி வாங்கிய பிறகு மேல்மாடியில் வலை கட்டி, பந்து கொட்டி, டிக்கெட் போட்டு விடலாம். காகிதத்தில் அது கடையாகவே இருக்கும்! பிள்ளைகள் விளையாட இடம் வைத்தால் அதற்குத் தனி அனுமதி என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கூடுமானவரை தரைத்தளத்திலேயே வைக்கச் சொல்ல வேண்டும். "தரைத்தளத்து வாடகை என்ன தெரியுமா?" என்று முதலாளிகள் கேட்பார்கள். தெரியும். நகைக்கடைக்குக் கொடுக்கிற இடத்தைப் பந்து விளையாடக் கொடுக்க மனசு வராதுதான். வராவிட்டால் இரண்டாவது மாடிப்படியாவது இருக்க வேண்டும். அந்தப் படியில் அட்டைப்பெட்டி அடுக்கக் கூடாது, கதவில் பூட்டு தொங்கக் கூடாது. ஜெனரேட்டர் டீசல் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. ஆள் இருக்கும்போது வெல்டிங் கூடவே கூடாது.

தீயணைப்புத் துறை கொடுத்த சான்று, அது முடியும் தேதி, இரண்டையும் டிக்கெட் கவுண்டரிலேயே பெரிய எழுத்தில் ஒட்ட வைக்கலாம். பிள்ளையின் செருப்பைக் கழற்றும் நேரத்தில் தகப்பன் அதைப் படித்து விடுவான்.

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கூட்டம் கிளம்பி விடும். அதற்கு முன்பே கலெக்டர் ஒரு நாள் ஒதுக்கி, பயர் ஸ்டேஷன் ஆட்களோடு ஒவ்வொரு கடை மேல்மாடியிலும் ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும். லிப்டில் அல்ல, படியில்.