குன்னூர் எலிகளின் தீர்ப்பு

பசி, விதியின் விளைவு என்பர் பழமைவாதிகள். முற்பிறப்பின் பாவம் என்பர் புராணிகர். மக்கள் தொகை பெருகிவிட்டதே, என்ன செய்வது என்று கைவிரிப்பர் மேதாவிகள். மூவரும் உரைப்பது ஒன்றே: "செய்வதற்கு ஏதுமில்லை!" இம்மூவருக்கும் உரிய விடையை, ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே, நீலமலையின் குன்னூரில், கூண்டுக்குள் இருந்த எலிகள் தந்துவிட்டன, தோழர்களே!

1918-ஆம் ஆண்டு, குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயின் காரணத்தை ஆராயத் தொடங்கினார். பின்னர், இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு வகைபிரித்து ஊட்டிப் பார்த்தார். கோதுமையும் பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்தன. அரிசிச் சோறே பெரும்பங்கான சென்னை மாகாணத்து உணவை உண்ட எலிகள் குன்றின, நோயுற்றன. எலிக்கு முற்பிறப்பு ஏது? சாதகம் ஏது? தட்டில் விழுந்தது மாறிற்று, உடலும் மாறிற்று. விதியின் முகத்திரையை எலி கிழித்துக் காட்டிற்று!

1935-இல் அந்த ஆய்வகத்தின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுகளில் என்னென்ன சத்து எவ்வளவு என்று 1937-இல் பட்டியலே வெளியிட்டார். தீட்டிய பச்சரிசி இழக்கும் உயிர்ச்சத்தைப் புழுங்கலரிசி காத்துத் தருகிறது என்பதும் குன்னூரில் ஆராய்ந்து தெளிந்த உண்மையே. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் தோன்றியபோது, அதன் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் இயக்குநராகச் சென்றவரும் அவரே. குன்னூர்க் குன்றில் பிறந்த அறிவு உலகுக்கே வழிகாட்டப் புறப்பட்டது!

அறிவு இருந்தது. ஆனால் நடந்தது என்ன? பட்டியல் அச்சேறி ஆறாண்டு கழிந்து, 1943-இல், இதே நாட்டின் வங்காளத்தில் இலக்கக் கணக்கான மக்கள் பட்டினியால் மடிந்தனர். அவர்களைக் கொன்றது விஞ்ஞானத்தின் வறுமையா? இல்லை. ஆண்டவர்களின் நெஞ்சத்து வறுமை!

1974-இல் ரோம் நகரில் உலக உணவு மாநாடு கூடிற்று. பத்தாண்டுக்குள் எந்தக் குழந்தையும் பசியோடு படுக்கச் செல்லாது என்று முழங்கினார் அமெரிக்க அமைச்சர் கிசிங்கர். பத்தாண்டு முடிந்தது. 1984-இல் எத்தியோப்பியாவில் எலும்பும் தோலுமான குழந்தைகளை உலகம் கண்டது. மாநாட்டில் மேடை இருந்தது, முழக்கம் இருந்தது. உலை வைக்க அடுப்புத்தான் இல்லை!

அடுப்பு மூட்டும் துணிவே தலைமை. அத்துணிவைத் தமிழகம் கண்டிருக்கிறது. 1920-இல், சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்த நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கிற்று. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. தொடக்கக் கல்விப் பணத்தை அதற்குச் செலவிட இசையோம் என்றது வெள்ளையர் அரசு. 1925-இல் அடுப்பு அணைந்தது. துணிவு இருந்தும் கருவூலத்தின் சாவி கையில் இல்லையெனில் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சான்று.

சாவி கைக்கு வந்தபின், 1956-இல் காமராசர் மீண்டும் மூட்டினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதனை மாநிலமெங்கும் சத்துணவாக விரித்தார். கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001-இல் உச்சநீதிமன்றம், சமைத்த மதிய உணவை நாடெங்கும் பள்ளிப்பிள்ளையின் உரிமையாக்கிற்று. 2022-இல் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவும் வந்தது. கட்சி வேறு, காலம் வேறு; மூட்டிய அடுப்பை அடுத்தவர் அணைக்கவில்லை. இன்று உலகில் நாற்பது கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில் உண்கின்றனர்.

"பணம் எங்கே?" என்று ஒவ்வொரு முறையும் ஒரு குரல் எழுந்தது. பணம் நிறைந்த பின்னரா காமராசர் தொடங்கினார்? கடமையை முதலில் எழுதினார். கணக்கைப் பின்னர் எழுதினார். கணக்கை முதலில் எழுதுவோர் கடமைக்கு வரும்போது ஏடு தீர்ந்துவிடுகிறது!

2030-க்குள் பசியை ஒழிப்போம் என்று 2015-இல் உலக நாடுகள் உறுதி பூண்டன. ஆயினும் 2024-இல் பசித்திருந்தோர் 67 கோடிக்கும் மேல் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கையே கூறுகிறது. இன்னுமா ஆராய்ச்சி? இன்னுமா ஆலோசனைக் குழு?

இளைஞர்களே! உலகைத் திருத்தப் போவதாக மேடையேறும் எந்தத் தலைவரையும், அவர் எந்தக் கொடி பிடிப்பினும், நான்கே வினாக்கள் கேளுங்கள்: எந்த நாளில்? எந்த ஊரில்? எந்த அடுப்பில்? எவர் பணத்தில்? விடை தருபவரே தலைவர். தராதவரிடம், குன்னூர் எலிகளுக்குக் கிடைத்த நல்லுணவு ஏழைப் பிள்ளைக்கு எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்!