அக்கா வந்தாள், பஸ் வந்தது

பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம் பகுதிகளில் தமிழ்க் குழந்தைகள் வீட்டில் 'அண்ணன் வந்தான், அக்கா வந்தாள், பஸ் வந்தது' என்கிறார்கள். மலையாளப் பாடத்தில் மூன்றுக்கும் ஒரே 'வந்நு'தான். மலையாள வினை பால் காட்டும் விகுதியை உதிர்த்துவிட்டது. தமிழிலிருந்து மலையாளத்தைப் பிரித்துக் காட்டும் ஆறு கூறுகளில் இதையும் சேர்த்தார், 'கேரளபாணினீய'த்தை 1917ல் திருத்தி வெளியிட்ட ஏ.ஆர். ராஜராஜ வர்மா.

ஸ்பானிஷில் மேசைகூடப் பெண்பால். பெயரோடு பாலையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. ஆணா, பெண்ணா, பொருளா என்று பார்த்தால் போதும். ஆனால் அதை வினையிலும் காட்டியாக வேண்டும்.

மலையாளப் பழக்கத்தில் தமிழ் விடைத்தாளிலும் விகுதி நழுவினால் மதிப்பெண் குறையும். 'மாமா வந்தார்' என்பதில் 'ஆர்' உதிர்ந்தால் மாமாவின் மதிப்பும் கூடவே உதிரும்.