கிரெடிட் வேணாம் சார்!

மீன்காரம்மாவிடம் 'கிரெடிட்' என்ற வார்த்தையை உபயோகித்தது என் தப்புதான்.

"கிரெடிட்டா? வேணவே வேணாம் சார்! போட்டுக்கு வாங்கின கடனே இன்னும் கழுத்துல நிக்குது. குழுவுல ஒண்ணு, சேட்டுகிட்ட ஒண்ணு. இதுல பையன் பேர்ல வேறயா?" என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளேயிருந்து என் மனைவி: "காலங்காத்தால மீன் விக்க வந்தவங்களுக்குக் கடன் குடுக்கற மூஞ்சியா இது? முதல்ல போன வாரத்து சங்கரா மீனுக்குப் பாக்கியைக் குடுங்க."

விஷயம் இதுதான். வைத்திக்குப்பத்தில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. மீன்காரம்மா வீடு அந்தக் கோடி. அவருடைய பையன் பத்தாவதில் தமிழும் சமூக அறிவியலும் நன்றாகவே எழுதியிருந்தான். கணக்கும் சயின்ஸும் காலை வாரிவிட்டன. ஜூலையில் மறுபடி எழுதினான். மறுபடி அதே இரண்டும் அதே காலை வாரின. இன்னும் சான்ஸ் இருக்கிறதாம். ஆனால் அதே கணக்கு, அதே சயின்ஸ், அதே கால்!

"போதும், நாளையிலேர்ந்து போட்டுக்கு வந்துடு" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மனசில்லை. அதனால்தான் என்னிடம் வந்தார். பென்ஷன் வாங்குகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று தெருவில் ஒரு நம்பிக்கை. என் மனைவி மட்டும் அந்தக் கட்சியில் சேரவில்லை.

பையன் மக்கா? நீங்களே சொல்லுங்கள். மாசிமகத்தன்று எங்கள் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. மயிலம் முருகன் வருவார், தீவனூர்ப் பிள்ளையார் வருவார். எந்த சுவாமி எந்த ஊர், எந்த வழியாக வருகிறார் என்று ஒரு வெளியூர்க் குடும்பத்துக்கு அவன் விளக்கிக்கொண்டிருந்ததை நானே நின்று கேட்டேன். கூடவே ஓசியாகப் புதுச்சேரி சரித்திரம் வேறு. "1954-ல கீழூர்ல ஓட்டுப் போட்டாங்க சார். மொத்தம் 178 பேர். இந்தியாவோட சேரலாம்னு 170, வேணாம்னு 8."

170-ம் 8-ம் 178. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. இவன்தான் கணக்கில் பெயில்!

வீட்டில் பேச்சு வந்தபோது சொன்னேன்: "ஆனந்தரங்கப் பிள்ளையை எடுத்துக்கோ. டூப்ளேக்கே துபாஷியா இருந்தவர். பெரிய வியாபாரி. கணக்கு வழக்கில் புலியாகத்தான் இருந்திருப்பார். ஆனா இன்னிக்கு அவர் பேர் நிக்கறது அந்தக் கணக்காலயா? 1736-லேர்ந்து தமிழில் எழுதி வெச்ச நாட்குறிப்பால!"

"நீங்க எழுதற பால் கணக்கு நோட்டும் நிக்கும். போன மாசம் நாலு நாள் விட்டுப் போச்சு" என்றாள் மனைவி.

மறுநாள் மீன்காரம்மா வந்தபோது 'கிரெடிட்'டைத் தவிர்த்துவிட்டு உண்டியல் என்று ஆரம்பித்தேன். "உண்டியல்ல அஞ்சு காசு போடணும். ஒரே நாள்ல அஞ்சையும் போட்டாத்தான் செல்லும்கறது ஸ்கூல். இன்னிக்கு ஒண்ணு, ஆறு மாசம் கழிச்சு ஒண்ணு, உன் சௌகரியப்படி போடு, போட்ட காசு உன்னுதுங்கறது திறந்தநிலைப் பள்ளி."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வலை மாதிரின்னு சொல்லு சார். ரெண்டு கண்ணி அறுந்தா முழு வலையையுமா தூக்கிப் போடுவோம்? அறுந்த எடத்தத்தான தச்சுக்குவோம்!"

அரை மணி நேரம் நான் தயார் பண்ணி வைத்திருந்த விளக்கத்தை அந்தம்மா இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

இது ஒன்றும் நேற்று முளைத்த சமாசாரம் இல்லை. 1979-ல் சி.பி.எஸ்.இ. ஒரு சோதனையாக ஆரம்பித்தது. 1989 நவம்பரில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று தனி நிறுவனமாயிற்று. 2002-ல் பேர் மாறி, இப்போது என்.ஐ.ஓ.எஸ். பதினாலு வயது ஆகியிருந்தால் பத்தாவதுக்குச் சேரலாம். ஐந்து பாடம் பாஸ் பண்ண வேண்டும், அதில் ஒரு மொழிப் பாடமாவது இருக்க வேண்டும். மீதியை நாமே பொறுக்கிக்கொள்ளலாம். சமூக அறிவியல், பொருளியல், உளவியல், மனையியல், ஓவியம், இந்தியப் பண்பாடு என்று பட்டியல் நம்ம ஓட்டல் மெனுவை விட நீளம். கணக்கு கட்டாயமில்லை! (இந்த வரியைப் படித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் கணக்கில் வாங்கியது 35. வீட்டில் இதுவரை சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.)

வருஷத்துக்கு இரண்டு பரீட்சை: ஏப்ரல்-மேயில் ஒன்று, அக்டோபர்-நவம்பரில் ஒன்று. ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. பாஸுக்கு 33. வீட்டிலிருந்து எழுதித் தரும் பயிற்சிக்கு 20 சதவிகிதம். எல்லாவற்றையும்விட முக்கியம், வேறு போர்டில் ஏற்கெனவே பாஸ் பண்ணின பாடங்களில் இரண்டை அப்படியே இங்கே தூக்கி வந்து வரவு வைத்துக்கொள்ளலாம். நம் பையனுக்குத் தமிழும் சமூக அறிவியலும் தயாராக இருக்கின்றன. மீதி மூன்றுதான்.

பிரிட்டனில் இன்னும் ஒரு படி கீழேயே இறங்கி வருகிறார்கள். பத்தாவது மாதிரியான பரீட்சையை எட்ட முடியாத பிள்ளைகளுக்கு 'என்ட்ரி லெவல்' என்று மூன்று படி. சரித்திரம், பூகோளம் எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாக. பத்து மணி நேரப் படிப்பு ஒரு கிரெடிட். சேரச் சேர சர்டிபிகேட். நம் தேசத்திலும் 2023-ல் தேசியக் கிரெடிட் சட்டகம் என்று கொண்டுவந்தார்கள். வருஷத்துக்கு 1200 மணி நேரம் படிப்பு, 40 கிரெடிட். கைத்தொழில், அனுபவம் எல்லாம்கூடக் கணக்கில் வரலாமாம். நல்ல விஷயம்தான். காகிதத்திலிருந்து வைத்திக்குப்பத்துக்கு நடந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குள் பையனின் அப்பா வந்துவிட்டார். விசைப்படகில் போகிறவர், கறார் பேர்வழி. "சரித்திரம் படிச்சி இன்னா சார் பண்ணுவான்? கல்லறைக்குக் காவலா?"

இந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்ப எனக்கு இஷ்டமில்லை. உள்ளதைச் சொன்னேன். "அண்ணே, கணக்கும் சயின்ஸும் இல்லாம போனா சில கதவு மூடிக்கும். பாலிடெக்னிக், சில தொழிற்படிப்பு எல்லாம் எங்க எது கேக்கறாங்கன்னு முன்னாடியே விசாரிச்சுக்கணும். எந்த வேலைக்கு எந்த சர்டிபிகேட்னு அதையும் எழுத்துல கேட்டு வாங்கணும். ஆனா பத்தாவதே இல்லன்னா எல்லாக் கதவும் மூடிக்குதே!"

அவர் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "ஒருத்தரு சொன்னாரு. பதினஞ்சாயிரம் குடுத்தா அவரே பாஸ் பண்ணி வெச்சிடறாராம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான காரியம் ஒன்று வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இந்த ஆசாமிகளும் வந்துவிடுகிறார்கள். 'உறுதியாக பாஸ்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பணம் கட்டுவது நேரே நிறுவனத்திடம். எழுதுவது நேரே பையன். நடுவில் ஆள் வேண்டாம். இதை அவருக்குச் சொன்னேன், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பையனைக் கேட்டேன், "உனக்கு என்னடா தோணுது?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "போட்டுக்குப் போறதுக்கு வருத்தம் இல்ல சார். 'பெயில்'னு பேரோட போறதுதான்..."

அப்பா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பையன் தமிழில் எத்தனை மார்க் வாங்கியிருந்தான் என்று அதுவரை அவர் கேட்டதேயில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் அவர்தான் வழியும் சொன்னார். "ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். 61 நாளு போட்டு கரையிலதான் கெடக்கும். பரீட்சை அப்பதான்னா... எழுதட்டும்."

அரசாங்கம் மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விட்ட லீவில் எங்கள் தெருவில் ஒரு பத்தாவதும் பொரியப் போகிறது!

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. சாயங்காலம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் படிக்கிறான். மூன்றாவது பாடமாக உளவியலை எடுத்திருக்கிறான். அவ்வப்போது என் மனைவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தில் ஏதோ கோடு போடுகிறான். என்ன என்று கேட்க தைரியம் வரவில்லை.

நேற்று மீன்காரம்மா அரைக் கிலோ நெத்திலியைத் தட்டில் கொட்டினார். பழைய பாக்கியையும் சேர்த்து நோட்டை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

"இருக்கட்டும் சார். கிரெடிட்ல வெச்சுக்க!"