எல்லையில் தோன்றிய இரண்டு விளக்குகள்

சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது ஆகாயவெளி. அதுவே ரகசியம் என்பர் பெரியோர். லடாக்கின் எல்லையிலோ, திரையே இல்லாத ஆகாயம் நம் ராணுவத்தாருக்குப் பெரிய ரகசியமாய்ப் போயிற்று.

2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, பாங்காங் ஏரிப் பிரதேசத்தில் இனந்தெரியாத ஒளிகளை 329 தடவை கண்டதாகச் சிப்பாய்கள் குறித்து வைத்தனர். அவற்றுள் 155 தடவை அவை எல்லைக் கோட்டைத் தாண்டி இப்பால் வந்தனவாம். ஒன்று மாலையில் கிளம்பும். மற்றொன்று விடியுமுன் தோன்றும். சீனர் ஆளில்லா விமானங்களை ஏவி வேவு பார்க்கிறார்களோ என்று சந்தேகம் எழுந்தது. சந்தேகத்தில் குற்றமில்லை. 2013 ஏப்ரலில் தெப்சாங் சமவெளியில் இரு படைகளும் எதிரெதிரே கூடாரமடித்து நின்ற காலமல்லவா அது!

ராணுவத்தார் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிலையத்தாரின் உதவியை நாடினர். காவலூரிலும் கொடைக்கானலிலும் வானாராய்ச்சிக் கூடங்களை நடத்துகிறவர்கள் இவர்களே. விமானம் தன் இஷ்டம்போல் பறக்கும். கிரகமோ நட்சத்திரங்களுடன் சேர்ந்து கிழக்கிலிருந்து மேற்கே நகரும். இந்த வித்தியாசத்தைக் கொண்டு ஆராய்ந்ததில் உண்மை வெளிப்பட்டது. மாலை விளக்கு வியாழன். வைகறை விளக்கு வெள்ளி. உயர்ந்த மலைப் பிரதேசத்தின் மெல்லிய காற்றில் இரண்டும் அதிகப் பிரகாசமாய்த் தெரிந்தனவாம்.

நேயர்களே, சிரிக்க வேண்டாம். 1942 பிப்ரவரி 25 அதிகாலையில், எதிரி விமானம் வந்துவிட்டதென்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின்மேல் அமெரிக்கப் பீரங்கிகள் 1,400 குண்டுகளுக்கு மேல் சுட்டுத் தீர்த்தன. விழுந்த விமானம் ஒன்றுமில்லை. அன்று அங்கே விமானமே அனுப்பவில்லை என்று யுத்தம் முடிந்தபின் ஜப்பானியர் கூறினர். அச்சம் முதலில் சுடும், பிறகு விசாரிக்கும். நம்மவர்கள் முதலில் விசாரித்தார்கள். இரு பெரிய தேசங்களின் படைகள் முகத்துக்கு முகம் நிற்குமிடத்தில் இந்த நிதானம் எத்தனை உயிர்களுக்குச் சமானம்!

ஆயினும் ஒரு கேள்வி நம்மையே சுடுகிறது. 2012 மே மாதம் குரு ரிஷபத்திற்குப் பெயர்ந்தபோது பலன் படிக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? அந்த டிசம்பரில் அதே குரு ரோகிணி நட்சத்திரத்தின் அருகே இரவெல்லாம் ஜ்வலித்தார். மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? விடிவெள்ளி முளைத்ததைக் கண்டு ஏர் பூட்டிய பாட்டனாரின் பேரப்பிள்ளைக்கு, பஞ்சாங்கத்து வெள்ளியும் வானத்து வெள்ளியும் ஒன்றென்பது தெரியவில்லை.

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரை கிழக்கே பார்த்தது. விடிவெள்ளி தோன்றும் மாதங்களில் ஒரு நாளேனும் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். செலவு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சற்றுக் குறையும். நாளைக்கு எல்லையில் காவல் நிற்கப்போகிறவன் அவர்களுள் ஒருவனாக இருக்கலாம். எந்த விளக்கு எதிரியுடையது, எது இறைவன் ஏற்றியது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?