புரட்டாசியில் மலை ஏறுவோம்

சங்கத்தின் வருடாந்தர மலைப் பயணத்தைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கத்தினர் சிலர் கூறி வருகின்றனர். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. தறியிலும் அவசரம் இல்லை. காரணங்கள் நியாயமானவையே. எனினும், போகுமிடம் மலைக்காடாயின் கோடை கூடாது என்பதே நமது உறுதியான அபிப்பிராயம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நேர்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் சென்ற மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த புல், சரிவில் மேல்நோக்கி வீசும் காற்று. ஓடுகின்ற மனிதனைவிட அத்தீ வேகமானது. மாசியிலேயே அந்தக் கதி!

புரட்டாசியோ வேறு. தென்மேற்குப் பருவமழை தணிந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்காத இடைவேளை அது. புல் பச்சையாக நிற்கும். ஓடைகளில் நீர் இருக்கும். பெருமாள் மலைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஏறும் நம் மக்களுக்கு இம்மாதத்து மலை புதிதன்று. பிற்பகலில் இடி மழை வரக்கூடுமாதலால், விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பத் தொடங்குவது உசிதம். அட்டைக்கு அஞ்ச வேண்டாம். சிறிது உப்பு போதும்.

அதே குரங்கணிக்கே செல்லலாம் என்போம். வனத்துறை 2024 அக்டோபரில் அறிவித்த 40 தடங்களுள் குரங்கணி–சாம்பலாறு ஒன்று. அனுமதியும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியும் இன்றி அடி எடுத்து வைக்கலாகாது. தடம் அன்று திறந்திருக்குமா என்பதையும் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். அம்மலைகளின் நீரே கொட்டகுடி ஆறாகப் போடி வழியே இறங்கி வைகையில் சேர்கிறது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதும் நம் விவசாயி, அந்நீர் மரவேரிலும் இலைச்சருகிலும் தங்கித் தங்கிக் கசிவதை ஒருமுறை கண்ணால் காணட்டும். காட்டைப் பற்றிய பிரசங்கம் பிறகு தேவைப்படாது.

வரிசையில் முன்னே நடக்க வேண்டியவர் வேகமானவர் அல்லர்; மெதுவானவர். பெரும்பாலும் அவர் நெசவாளியாகவே இருப்பார். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு முப்பது ஆண்டு அமர்ந்தவருக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் முழங்கால் நடுங்கும். வரப்பில் நடந்து பழகிய விவசாயி இதை எளிதில் உணரமாட்டார். அவரைக் கடைசியில் நிறுத்துவோம், பின்தங்குவோருக்குத் துணையாவார்.

இனி, உண்மையான தடை ஒன்று உண்டு. புரட்டாசி என்பது தீபாவளிச் சரக்குக்காகத் தறி ஓயாத மாதம். பல ஊர்களில் சம்பா நடவும் அப்போதுதான். நெய்த அளவுக்கே கூலி பெறுபவருக்கு ஒரு நாள் மலை என்றால் ஒரு நாள் அடுப்பு. இதை மறைத்துவிட்டு, 'எல்லோரும் வாருங்கள்' என்று சுற்றறிக்கை அனுப்பினால் வருபவர் யார்? வசதியுள்ள நாலு பேரும் நிர்வாகிகளுமே. ஆகவே வண்டிச் சத்தம், அனுமதிக் கட்டணம் ஆகியவற்றோடு, வரும் நெசவாளிக்கு அன்றைய கூலியையும் பொது நலநிதியிலிருந்து வழங்க ஆடி மாதக் கூட்டத்திலேயே நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நடவு நாளை மாற்ற முடியாத விவசாயிகளுக்காக இரண்டாவது ஞாயிறு ஒன்றையும் ஒதுக்கலாம்.