எரிமலை செய்த தொகுதிச் சீரமைப்பு

தேர்தல் தொகுதிகளின் எல்லையை மாற்றுவது எந்த நாட்டிலும் லேசான காரியமில்லை. ஆணையம் வேண்டும், மக்கள்தொகைக் கணக்கு வேண்டும். கோர்ட்டில் வழக்குகள் வரும். 'எங்கள் கோட்டையை வேண்டுமென்றே பிளந்துவிட்டார்கள்' என்று ஏதாவது ஒரு கட்சி முழங்கும். கரீபியன் கடலில் உள்ள மான்செராட் தீவில் இந்த வேலையை ஒரு எரிமலை செய்து முடித்தது. ஆட்சேபணை தெரிவிக்க அது யாருக்கும் அவகாசம் தரவில்லை.

மான்செராட் என்ற பெயர் ஆசியாவில் உரக்கக் கேட்டது அநேகமாக ஒரே ஒரு முறைதான். 2002 ஜூன் 30 அன்று, உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம் யோகஹாமாவில் நடந்த அதே நாளில், உலகத் தரவரிசையில் கடைசி இரண்டு இடங்களில் இருந்த அணிகள் பூடான் தலைநகர் திம்புவில் மோதின. பூடான் நாலு கோல் போட்டது. மான்செராட் ஒன்றுகூடப் போடவில்லை. பதினோரு பேர் கொண்ட அணியைத் திரட்டுவதே சிரமம் என்ற நிலையில் இருந்த தீவு அது. மொத்தப் பரப்பு 102 சதுர கிலோமீட்டர். 2023 கணக்கெடுப்பின்படி அங்கே வசித்தவர்கள் சுமார் 4,400 பேர். நம் ஊரில் ஒரு நடுத்தர ஊராட்சிக்குக்கூட இதைவிட அதிகம் தேறும். ஆனால் அந்தத் தீவுக்கென்று ஒரு அரசியல் சட்டம் உண்டு. சட்டசபை, அமைச்சரவை, எதிர்க்கட்சித் தலைவர், ஐந்தாண்டுக்கு ஒரு பொதுத்தேர்தல் எல்லாம் உண்டு. ஒன்று மட்டும் கிடையாது: சுதந்திரம். அது இன்றும் பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி.

ஒரு காலத்தில் அங்கே ஏழு தொகுதிகள் இருந்தன. ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர். ஏழே இடங்கள் என்பதால் காற்று ஒரு பக்கம் வீசினால் எதிர்க்கட்சியே இல்லாமல் போய்விடும். 1970-ல் அப்படித்தான் ஆயிற்று. தொழிற்சங்கத் தலைவராக வளர்ந்து தீவின் முதல் முதலமைச்சரான வில்லியம் பிராம்பிளின் ஆட்சியைக் கவிழ்த்து ஏழு இடங்களையும் அள்ளியது அவருடைய சொந்த மகன் ஆஸ்டின் பிராம்பிளின் கட்சி. எட்டு வருஷம் கழித்து ஜான் ஆஸ்போர்ன் அதே ஏழையும் மகனிடமிருந்து பறித்தார். வாரிசு அரசியல் எல்லா ஊரிலும் இருக்கிறது. அப்பாவை ஓட்டுப்பெட்டியில் தோற்கடித்து வருகிற வாரிசுதான் அபூர்வம்.

1995 ஜூலை 18 அன்று தீவின் தெற்கே இருந்த சூஃப்ரியர் மலை புகைய ஆரம்பித்தது. எழுதப்பட்ட வரலாறு முழுக்கத் தூங்கிக்கிடந்த மலை. தலைநகர் பிளிமத்தும் துறைமுகமும் செழிப்பான வயல்களும் அதன் காலடியில்தான் இருந்தன. மக்களை வடக்கே அனுப்பினார்கள், திரும்ப அழைத்தார்கள், மறுபடி அனுப்பினார்கள். 1996 ஏப்ரலில் பிளிமத்திலிருந்து கிளம்பியவர்கள் பிறகு அங்கே குடியேறவே இல்லை. 1997 ஜூன் 25 அன்று மலையிலிருந்து நெருப்பு மேகம் உருண்டு வந்தபோது 19 பேர் இறந்தார்கள். தடை செய்யப்பட்ட பகுதி என்று தெரிந்தும் தோட்டத்தையும் ஆடு மாடுகளையும் பார்க்கப் போனவர்கள் அவர்களில் உண்டு. விமான நிலையமும் போயிற்று. ஆகஸ்டில் பிளிமத் எரிந்து சாம்பலுக்குள் புதைந்தது. தீவின் தெற்கே மூன்றில் இரண்டு பங்கு 'உள்ளே வரக்கூடாத பகுதி' ஆயிற்று.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான், 1996 நவம்பரில் ஒரு பொதுத்தேர்தல் நடந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் தெற்கில், ஆள் வடக்கில் ஒரு தேவாலயத்திலோ பள்ளிக்கூடத்திலோ பாயைப் போட்டுப் படுத்திருக்கிறார் என்பதுதான் பலருடைய நிலை. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. எரிமலை வெடிக்கத் தொடங்கியபோது முதலமைச்சராக இருந்த ரூபன் மீட் பதவி இழந்தார். பெர்ட்ரண்ட் ஆஸ்போர்ன் வந்தார். அவரும் ஒரு வருஷம் நிறைவு செய்யவில்லை. நிவாரணம் போதாது என்று மக்கள் தெருவுக்கு வந்ததும் 1997 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். டேவிட் பிராண்ட் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த மாதம்தான் லண்டனில் வெளிநாட்டு உதவிக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் கிளேர் ஷார்ட், மான்செராட் தலைவர்களின் கோரிக்கைகளைப் பற்றி, அடுத்தபடியாகத் தங்க யானைகள் கேட்பார்கள் என்கிற பொருளில் ஒரு வார்த்தை விட்டார். வீடும் வயலும் சாம்பலில் கிடந்தவர்கள் அந்த யானையை இன்னும் மறக்கவில்லை. தீவின் அரசியலைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் அதைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. கொடுக்கிறவர் வாயிலிருந்து விழும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு ஆயுள் பாருங்கள்.

ஆள் இல்லாத தொகுதிக்கு உறுப்பினர் எதற்கு? 2001-ல் இந்தக் கேள்விக்கு விடை கண்டார்கள். ஏழு தொகுதிகளையும் ரத்து செய்துவிட்டு, மிச்சமிருந்த தீவு முழுவதையும் ஒரே தொகுதி ஆக்கினார்கள். உறுப்பினர்கள் ஒன்பது பேர். ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒன்பது ஓட்டு. ஒரே வேட்பாளருக்கு எல்லாவற்றையும் குத்த முடியாது. ஆளுக்கு ஒன்று வீதம், பிடித்த ஒன்பது பேர் வரை குறிக்கலாம். அதிக ஓட்டு வாங்கிய முதல் ஒன்பது பேர் சட்டசபைக்குப் போவார்கள்.

இந்தியாவுக்கு இது முற்றிலும் புதிதல்ல. 1952, 1957 பொதுத்தேர்தல்களில் இங்கே இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. குழப்பம் போதும் என்று 1961-ல் அதைக் கைவிட்டார்கள். மான்செராட்டில் குழப்பம் ஒன்பது மடங்காக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஆகவில்லை. வேறு சில விசித்திரங்கள் நடந்தன.

கட்சிகள் ஒன்பது பேர் கொண்ட பட்டியலை நிறுத்தி 'மொத்தமாகப் போடுங்கள்' என்று கேட்கும். மக்கள் கோபத்தில் இருந்தால் அப்படியே போட்டுவிடுவார்கள். 2001 ஏப்ரலில் ஜான் ஆஸ்போர்ன் ஒன்பதில் ஏழு இடங்களோடு திரும்பி வந்தார். 2014-ல் டொனால்ட்சன் ரோமியோவின் கட்சிக்கும் ஏழு. ஓட்டில் பாதி சொச்சம் இருந்தால் சட்டசபையில் முக்கால் பங்கு கிடைத்துவிடுகிற முறை இது. கோபம் இல்லாத வருஷங்களில் ஆட்கள்தான் ஜெயிப்பார்கள், கட்சி அல்ல. 2006 தேர்தலில் நாலு இடம், மூன்று இடம் வாங்கிய கட்சிகள் இருக்க, ஒரே ஒரு இடம் வாங்கிய கட்சியின் தலைவர் லோவல் லூயிஸ் கூட்டணி அமைத்து முதலமைச்சரானார். அவர் கட்சியின் சட்டமன்றக் குழுக் கூட்டத்துக்கு ஒரு நாற்காலி போதும்.

எல்லாவற்றையும்விட ரசமானது 2019. பதவியில் இருந்த ரோமியோவைத் தேர்தல் நேரத்தில் அவர் கட்சியே தலைமையிலிருந்து இறக்கிவிட்டது. அவர் சுயேச்சையாக நின்றார். தனித் தொகுதி முறையில் இப்படிப்பட்டவரின் கதை அதோடு முடிந்திருக்கும். அவருக்கு ஓட்டுப் போட வேண்டுமானால் கட்சிக்காரருக்குப் போடாமல் இருக்க வேண்டுமே. கையில் ஒன்பது ஓட்டு இருக்கும்போது அந்தச் சங்கடம் இல்லை. கட்சிக்கு எட்டு, பழைய தலைவருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கலாம். ரோமியோ ஜெயித்தார். அவரை இறக்கிவிட்ட கட்சிக்கு மூன்று இடங்கள்தான் கிடைத்தன. ஐந்து இடங்களோடு ஈஸ்டன் டெய்லர்-ஃபாரல் ஆட்சி அமைத்தார்.

ஐந்து என்ற இந்த எண்ணில்தான் தீவின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. 2011-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டப்படி (முதலமைச்சர் என்ற பதவி அப்போதுதான் 'பிரிமியர்' என்று பெயர் மாறியது) அமைச்சரவையில் பிரிமியரும் மூன்று அமைச்சர்களும். ஐவர் கொண்ட ஆளும் கட்சியில் நாலு பேருக்கு இலாகா வந்துவிடும். மிஞ்சுகிற ஐந்தாமவர்? அவர் காலையில் முகம் சுளித்தால் சாயங்காலம் ஆட்சிக்கு ஜுரம் வரும். கட்சித் தாவலுக்குக் கோடிகள் தேவைப்படாத ஊர். ஒரே ஒரு ஆள் போதும்.

ஆட்சியைப் பிடித்து என்ன செய்ய முடியும் என்பதுதான் அடுத்த கேள்வி. பாதுகாப்பு, வெளியுறவு, போலீஸ், அரசு ஊழியர் நியமனம் ஆகியவை லண்டன் அனுப்பும் கவர்னர் கையில். அமைச்சரவையில் அட்டர்னி ஜெனரலும் நிதிச் செயலாளரும் தேர்தலில் நிற்காமலே உட்காருகிறார்கள். அரசின் அன்றாடச் செலவில் பாதிக்கு மேல் பிரிட்டன் தரும் பணம். வருஷந்தோறும் பட்ஜெட்டுக்கு முன்னால் தீவின் தலைவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளோடு உட்கார்ந்து கணக்குப் பேச வேண்டும். ஆகவே மான்செராட்காரர் ஓட்டுப் போடும்போது ஒரு ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியில் அவர் தேர்ந்தெடுப்பது ஒரு வக்கீலை. லண்டனிடம் வாதாடப் போகிறவர் யார்? கெஞ்சுகிறவரா, சண்டை போடுகிறவரா? இருபத்தைந்து வருஷமாக வாக்காளர்கள் இரண்டு வகையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

வக்கீல்கள் வாதாடும் விஷயங்களும் அதிகம் மாறுவதில்லை. வடக்கே லிட்டில் பே என்ற இடத்தில் ஒரு ஒழுங்கான துறைமுகமும் புதிய நகரமும். பள்ளிக்கூடக் கட்டிடத்தில் ஒண்டிக்கொண்ட மருத்துவமனைக்குப் பதில் ஒரு நல்ல மருத்துவமனை. 2005-ல் ஜெரால்ட்ஸ் என்ற இடத்தில் விமான நிலையம் கட்டினார்கள். சின்ன விமானம் மட்டுமே இறங்கும் ஓடுபாதை. பெரிய ஊருக்குப் போக வேண்டுமானால் முதலில் பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவுக்குப் போக வேண்டும். எரிமலைச் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம் என்று 2013-ல் ஆழ்கிணறுகள் தோண்டினார்கள். நாசம் செய்த மலையே விளக்கு ஏற்றட்டும் என்பது கேட்க நன்றாக இருந்தது. 2024 தேர்தல் வந்தபோதும் டீசல்தான் எரிந்துகொண்டிருந்தது. மலை கொடுத்ததில் உடனே காசானது மணல் ஒன்றுதான். பிளிமத்தைப் புதைத்த சாம்பல் மணலை அள்ளிக் கட்டுமான வேலைக்கு மற்றத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள்.

அந்த 2024 அக்டோபர் தேர்தலில் ஆட்சிக்கு வந்தவர் யார் என்றால், அதே ரூபன் மீட். மலை வெடித்தபோது முதலமைச்சர், 2009 முதல் 2014 வரை மறுபடி, பத்து வருஷ இடைவெளிக்குப் பின் மூன்றாம் முறை. ஆள் பற்றாக்குறை அணியில் மட்டுமல்ல, தலைமையிலும் உண்டு என்று இதைக் கிண்டல் செய்யலாம். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் ஊரைவிட்டுப் போன இடத்தில் புதிய தலைவர்கள் எங்கிருந்து முளைப்பார்கள்? 1995-க்கு முன் அங்கே இருந்தவர்கள் பதினோராயிரம் பேர் சுமார். பெரும்பாலானவர்கள் ஆன்டிகுவாவுக்கும் பிரிட்டனுக்கும் போனார்கள். 1998-ல் பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்தது. 2002-ல் முழுக் குடியுரிமையும் வந்தது. போனவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்து அந்த ஊர்ப் பள்ளியில் சேர்ந்தார்கள். மார்ச் 17 செயின்ட் பாட்ரிக் தினத்துக்கு மட்டும் கூட்டங்கூட்டமாகத் தீவுக்கு வருவார்கள். 1768-ல் அடிமைகள் கலகத்துக்குத் திட்டமிட்ட நாள் அது. ஒரு வாரம் ஆடிப் பாடிவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் 'வெளியே இருப்பவர்களைத் திரும்பக் கொண்டுவருவோம்' என்று ஒரு பத்தி இருந்தே தீரும். திரும்பி வர வேண்டியவர்கள் லண்டனில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

சட்டசபையின் ஐந்தாண்டுக் காலம் முழுதாக ஓடினால் அடுத்த பொதுத்தேர்தல் 2029-ல். அந்தத் தேர்தலில் பதினெட்டு வயது முடிந்து முதல் ஓட்டுப் போடுகிறவர் 2011-ல் பிறந்தவர். மலையின் கடைசிப் பெரிய சரிவு 2010 பிப்ரவரி 11-ல் நடந்தது. அதைக்கூட அவர் பார்த்ததில்லை. பிளிமத் இன்னும் சட்டப்படி தலைநகர்தான். அவரைப் பொறுத்தவரை அது எதிர் மலையில் நின்று உறவினர்களுக்குக் கை நீட்டிக் காட்டுகிற இடம். தெற்கை மீட்டுத் தருகிறேன் என்று அவரிடம் எந்த வேட்பாளரும் சொல்ல முடியாது. வடக்கில் ஒரு வேலை, ஒரு மருத்துவமனை, மழைக்காலத்திலும் கப்பல் ஒதுங்கும் ஒரு துறைமுகம் என்றுதான் வாக்குக் கொடுக்க முடியும். ஜெயித்த மறுநாள் அதற்கான பணத்துக்கு லண்டனுக்குக் கடிதம் எழுத உட்கார வேண்டும்.